அப்பா நடக்கும் கோடு

— அப்பா, எங்க இருக்கீங்களோ அங்கேயே நில்லுங்க. ஒரு அடி கூட எடுத்து வைக்காதீங்க. கேக்குதா? அப்பா?

— பாப்பா, நான் அப்பா இல்ல.

— யாரு பேசறது? இது எங்கப்பா துரைராஜ் போனாச்சே.

— நான்தாம்மா, ஏசுபாதம். உங்க வூட்டுக்குப் பின்னாடி குடியிருக்கேனே.

— மீன்பாடி வண்டி ஓட்டற ஏசுபாதம் அண்ணாவா?

— ஆமா ஜெயஸ்ரீ பாப்பா. நல்லா கீறியா? தாம்பரத்துல மாப்பிள்ள, கொழந்தைங்க எல்லாம் சொகமா?

— அதெல்லாம் அப்புறம். முதல்ல அப்பாவை எங்கயாவது உக்கார வைங்க. போனை அவர்கிட்ட குடுங்க.

— அவரு... தோ, முன்னால போய்க்கினு கீறாரு.

— கூப்பிடுங்க.

— டீ சாப்புட போயிட்டாரும்மா. வந்தா பேச சொல்றேன்.

— இப்பத்தானே முன்னால போறாருன்னீங்க?

— ஆமா. முன்னால போயி டீ சாப்புடறாரு.

— அண்ணா, விளையாடற நேரமில்ல இது. டாக்டர் கூப்பிட்டார். அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சாரே, கஸ்தூரிரங்கன் டாக்டர். வாட்ச்சுலேர்ந்து அவருக்குப் போற ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கார். கொஞ்ச நாளா துடிப்பு தாறுமாறா இருக்காம். நடக்கறதை நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்றார்.

— ஐயையோ. இன்னா பாப்பா சொல்ற? நேத்துகூட வாசல்ல நின்னுகினு, வண்டிய ஓரமா வுடுடான்னு அந்தக் கத்து கத்தினாரே.

— கத்தறதை வெச்சு ஹார்ட்டைச் சொல்ல முடியாது. அவர் நடக்க ஆரம்பிச்சா என் போன்ல லைவ்வா வரும். இப்பவும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். எகிறுது, விழுது, மறுபடி எகிறுது. நீங்க எங்க இருக்கீங்க? மேப்புல கீழ்க்கட்டளை ஏரிக்கரைன்னு காட்டுது.

— ஏரிக்கரைதான்.

— அப்ப அப்பாவும் அங்கதானே இருக்கணும்?

— இருக்கணும்.

— இருக்காரா, இல்லையா?

— பேஜாரு பண்ணாத பாப்பா. நான் இன்னாத்த சொல்றது?

— சரி, கேளுங்க. அந்த வாட்ச்சுல ஜிபிஎஸ் கிடையாது. தான் எந்தத் தெருவுல இருக்கோம்னு அதுக்கே தெரியாது. போனைக் கேட்டுத்தான் மேப்புல கோடு போடும். போன் உங்க கையில இருக்கு. அப்ப நான் பார்க்கற கோடு நீங்க நடக்கற கோடு. அப்பா வேற எங்கயோ இருக்கார். சரிதானே?

— சரிதாம்மா.

— எவ்வளவு நாளா?

— பொங்கலுக்கு அப்பாலேர்ந்து.

— அந்தக் கோட்டை ஆபீஸ்ல ஒருத்தர் விடாம காட்டியிருக்கேன். எங்கப்பா இந்த வயசுல ஏரியையே சுத்தி வர்றாருன்னு.

— சுத்தினேனே. ஒரு நாளும் தவறல. பனியில கூட துண்டைத் தலையில போட்டுகினு சுத்தினேன்.

— அம்மாவுக்குத் தெரியுமா?

— உங்கம்மா பொன்னியம்மாக்காதான் போனுக்கு சார்ஜு போட்டுக் குடுக்கும்.

— நல்லா இருக்கு. வாட்ச்?

— அது ஐயா கையிலதான். கட்டிக்கினுதான் கீறாரு.

— அப்ப துடிப்பு மட்டும் எனக்குத் தெரியுது, ஆள் எங்கன்னு தெரியல. எங்கயாவது விழுந்து கிடந்தாலும் இந்த மேப்பு ஏரிக்கரைன்னுதான் சொல்லும். அவரை எங்கன்னு போய்த் தேடுவேன்? சொல்லுங்கண்ணா.

— சொன்னா வூட்ட காலி பண்ணச் சொல்லிருவாரு பாப்பா. பொண்ணு பன்னெண்டாவது பரீட்சை எழுதிகினு கீது. இந்த நேரத்துல சட்டி பானைய தூக்கிகினு நான் எங்க போவேன்?

— அவர் உயிரோட இருந்தாத்தானே உங்களைக் காலி பண்ணச் சொல்ல முடியும்?

— பல்லாவரத்துல கீறாரு. ஸ்ரீநிவாசன் சாரு ரியல் எஸ்டேட் ஆபீசு. மாடியில. சீட்டு ஆடறாரு.

— விடிஞ்சதும் சீட்டா?

— சும்மா ரம்மிதாம்மா. பீடி, சிகரெட்டு ஒண்ணியும் கெடையாது. வடை மட்டும் வரும்.

— எண்ணெயே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

— நானும் சொன்னேன். நீ நடக்கறதுதான் எனக்கு மருந்து, போடான்னாரு.

— லைன்ல இருங்க. ஸ்ரீநிவாசன் அங்கிள் நம்பர் இருக்கு. என் வீட்டுக்காரர் போன்ல கூப்பிடறேன்.

— நான் சொன்னேன்னு மட்டும் வேணாம் பாப்பா.

— லைன்ல இருங்கன்னேன்.

— கீறேன், கீறேன். கர்த்தரே, அந்த மனுசனுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. வாய்தான் கெட்ட வாயி. கரண்டு போனா டார்ச்ச எடுத்துகினு மொதல்ல என் வூட்டுக்குத்தான் வருவாரு. புள்ள படிக்குதே, இருட்டுல எப்டி படிக்கும்னு வந்து நிப்பாரு. வடைய வேணாம்னு நான் பிடுங்கிப் போட்டிருக்கணும். யாருப்பா அது, வழியில பைக்க வுட்டது? தள்ளி வுடு... பாப்பா, கீறியா?

— இருக்கேன். பேசிட்டேன்.

— இன்னா ஆச்சு?

— வாய் நிறைய வடை. நான் திட்டினா என்னையே திருப்பித் திட்டறார், வேவு பார்க்கறியான்னு. வலி இல்ல, மயக்கம் இல்ல. அங்கிள் நாடி பிடிச்சுப் பார்த்தார். நிதானமா இருக்காம்.

— அப்பாடா. தோத்திரம். என் வயித்துல பால் வாத்த பாப்பா.

— ஆனா என் ஸ்கிரீன்ல இன்னும் எகிறுது.

— மிசினுதானே. எதனா கோளாறா இருக்கும்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம்தான் உறைச்சுது. வாட்ச் போனுக்குப் பக்கத்துல இருந்தாத்தான் துடிப்பே எனக்கு வரும். அடுத்த தெருவுக்குப் போனாலே அறுந்துடும். பல்லாவரத்துல கட்டியிருந்தா ஏரிக்கரைல இருக்கற போனுக்கு எப்படி வரும்? அப்பா கையில ஒண்ணும் இல்லன்னு அங்கிளும் சொல்றார். அண்ணா, வாட்ச் எங்க?

— கோச்சுக்காத பாப்பா.

— கோச்சுக்கல. சொல்லுங்க.

— என் கையில. மொதல்ல வாட்ச்ச மட்டும்தான் கட்டி வுட்டாரு. நானும் சுத்திட்டு வந்து கழட்டிக் குடுத்துட்டேன். நடந்த கணக்கு வந்துச்சு, மேப்புல கோட்டையே காணோமேன்னு நீ கேட்டியாமே. அப்பால போனையும் என் சட்டப் பாக்கெட்ல போட்டு அனுப்ப ஆரம்பிச்சாரு. யாரு கேட்டாலும் வாட்ச்சு ஐயா கையிலன்னு சொல்லுன்னாரு. நானும் சொல்லிட்டேன்.

— அப்பா ஒரு நாளும் கட்டலையா?

— வூட்டுக்குள்ள கட்டினா கை அரிக்குதாம். காலையில நான் கட்டறதோட சரி.

— இந்த வாரம்?

— நான்தான். போன வாரமும் நான்தான். மெய்யாலுமே தப்புதான். குடியிருக்கற வூடு, மாட்டேன்னு எப்டி சொல்றது? ஐயாகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லு, காலி பண்ண வேணாம்னு. இதோ, ஒரே ஓட்டமா பல்லாவரம் ஓடிப்போயி, வாட்ச்ச அவரு கையிலயே கட்டி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்துடறேன்.

— ஓடாதீங்க.

— ஓடல, வண்டிய மிதிச்சுகினு போறேன்.

— மிதிக்கவும் வேண்டாம். அப்படியே கீழ உக்காருங்கண்ணா, நான் கார் எடுத்துட்டு வர்றேன். டாக்டர் வரச் சொன்னது எங்கப்பாவை இல்ல, அந்த வாட்ச்சைக் கட்டினவரை.