அஃறிணையில் மூன்று வரி

எங்கள் அலுவலகத்தில் ஒரு விடுப்புப் படிவத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் விடுப்பே முடிந்துவிடும். மிகையாகச் சொல்லவில்லை சார். கடிதங்கள் ஓரிடம், ஒப்பந்தங்கள் ஓரிடம், புகார்கள் இன்னோரிடம், ஊழியர் விவரம் தனிப் பூட்டுக்குள் என்று எல்லாம் சிதறிக் கிடந்தன. ஒரே பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டினால் எல்லா இடத்திலிருந்தும் பதில் வரும்படி செய்யச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். மூன்றாம் மாடியில் பத்தொன்பது வருஷம் ஆவணங்களோடு குப்பை கொட்டியவன் நான். வேறு யாரிடம் கொடுப்பார்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அந்த வேலை புரிந்தால்தான் மற்றது புரியும்.

கணினிக்குச் சொல்லின் பொருள் தெரியாது. லீவு, விடுப்பு, விடுமுறை மூன்றும் ஒன்று என்று நாம்தான் கோத்துக் கொடுக்க வேண்டும். ஆட்களின் பட்டப்பெயரையும் அப்படியே கோத்தேன். எங்கள் ஆட்கள் அலுவலகக் கடிதத்தில்கூடக் கூசாமல் 'குட்டையன் சொன்னபடி' என்று எழுதுகிறவர்கள். என் கண்ணாடி தடிமன். அதற்குள் கண் பெரிதாகத் தெரியும். வாசல் காவலாளிவரை எனக்கு ஆந்தை என்றுதான் பேர். அதையும் ஒளிக்காமல் என் பெயருக்கு நேராக எழுதினேன். வேலை என்று வந்துவிட்டால் நான் வெட்கம் பார்ப்பதில்லை.

அக்கா மட்டும் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கீழே புகார்ப் பிரிவை நடத்தியவர். நீங்கள் அவரைப் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள். எட்டு வருஷம் மதியம் ஒரு மணிக்கு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர். கேட்காமலே என் தட்டில் வைப்பார், கேட்காமலே எடுத்துக்கொள்வார். கூடப் பிறக்காத குறைதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் மகளைக் கூட்டிக்கொண்டு புருஷனை விட்டு வந்தார். அவன் எங்கள் நிறுவனத்தின் கிடங்கிலேயே ஓட்டுநர். அவர் கையை முறுக்கி உடைத்தவன். புது வீட்டு விலாசம் ஊழியர் விவரப் பூட்டுக்குள் மட்டும்தான் இருந்தது.

"எங்க இருக்கேன்னு உனக்குக்கூடச் சொல்ல மாட்டேன்டா. தெரிஞ்சா அவன் முதல்ல உன்னைத்தான் உலுக்குவான்" என்றார் ஒருமுறை.

"நான் என்ன மரமாக்கா, உலுக்கினா கொட்டறதுக்கு?"

"நீ மரம் இல்லடா, ஓட்டை வாளி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது அது எனக்குக் கேலியாகத்தான் பட்டது.

தேடல் தயாரானதும், சமைத்தவன் உப்புப் பார்ப்பதுபோல, முதலில் என் பெயரைத் தட்டிப் பார்த்தேன். மேலே வந்த மூன்று வரியும் அக்கா எழுதியவை. தன் பிரிவில் இருப்பவர்களுக்கு அனுப்பிய குறிப்புகள்.

'ஆந்தைகிட்ட கேட்டுப் பிரயோஜனம் இல்ல. முழிச்சுக்கிட்டு நிக்கும்.'

'ஆந்தையை இன்னும் எத்தனை நாளைக்குக் கட்டிக்கிட்டு அழணுமோ.'

'அடுத்த மாசம் புதுசு வந்துரும். ஆந்தையைத் தூக்கிக் கடாசிடுவாங்க. விட்டது சனி.'

மூன்று வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். கேலி எனக்குப் பழக்கம்தான். என்னை வேலையை விட்டுத் தூக்கப்போகிறார்கள் என்பதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஆனால் 'நிக்கும்' என்று எழுதியிருந்தார். 'நிப்பான்'கூட இல்லை. மாடு நிற்கும், மேசை நிற்கும். எட்டு வருஷம் கூடச் சாப்பிட்டவனை அஃறிணையில் எழுதிவிட்டு, அன்று மதியமும் வந்து உட்கார்ந்து, "என்னடா, முகம் வாடியிருக்கு?" என்று கேட்டார்.

"தூக்கம் இல்லக்கா" என்றேன்.

அப்போதே நேரில் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நேற்றுச் சொன்னீர்கள். கேட்டால் ஆள் மழுப்புவார் சார். எழுத்து மழுப்பாது.

தேடல் வேலையில் வாராவாரம் ஒரு பட்டியல் பார்க்க வேண்டும். யார் எதைத் தேடிப் பதில் கிடைக்காமல் போனார் என்ற பட்டியல். அதைக் குறைப்பதுதான் என் கடமை. இரண்டாம் வாரப் பட்டியலில் கிடங்கு ஓட்டுநர் ஒருவர் ஒரே பெயரைப் பதினான்கு முறை தேடியிருந்தார். அக்காவின் பெயர். பக்கத்தில் 'வீடு', 'விலாசம்', 'எங்கே இருக்கிறார்' என்று மாற்றி மாற்றி. சரியான விடாக்கண்டன். பதினான்குக்கும் பதில் இல்லை.

ஊழியர் விவரத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் டிக் போட ஒரு சின்னக் கட்டம் உண்டு: 'தேடலில் காட்டாதே.' செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் ஆறுவதற்குள், ஒரே ஒரு கோப்பிலிருந்து அந்த டிக்கை எடுத்தேன். மற்ற யாருடைய விவரமும் வெளியே போகவில்லை. அதில் கவனமாக இருந்தேன். வீடு, விலாசம், முகவரி மூன்றையும் ஒன்றாகக் கோத்தேன். பிறகு காத்திருந்தேன். புதன்கிழமை பத்தேகாலுக்கு அவன் பதினைந்தாவது முறை தேடினான். பதில் கிடைத்தது. பத்து இருபதுக்கு டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

மதியம் அக்கா வழக்கம்போல எதிரில் உட்கார்ந்தார். மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, இன்று சீக்கிரம் வீட்டுக்குப் போகப்போகிறேன் என்றார்.

"போயிட்டு வாங்கக்கா" என்றேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து என்னைத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு ஏன் என்று முதலில் விளங்கவில்லை. அதே கோப்பில், விலாசத்துக்கு நாலு வரி கீழே, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்திருக்கிறது. உறவு என்ற இடத்தில் 'தம்பி'. நான் விலாசம்வரைதான் படித்திருந்தேன். நான் போவதற்குள் அக்கா போய்விட்டார். மகள் பக்கத்து வீட்டில் இருந்ததால் தப்பித்தாள். அவளுக்கு நான்தான் சொன்னேன். "மாமா" என்று கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

நேற்று நீங்கள் புகார்ப் பிரிவில் விசாரித்துவிட்டு வந்து ஒன்று சொன்னீர்கள். அவர்கள் அறை மூலையில் ஒரு பழைய தேடல் மெஷின் நின்றது; முன்னால் இரண்டு வட்ட விளக்கு; எதைக் கேட்டாலும் விளக்கு எரியும், பதில் வராது; அதற்கு அவர்கள் வைத்த பேர் ஆந்தை. புதுசு வந்ததும் தூக்கப்போவதாக அக்கா எழுதியது அந்த மெஷினை. புதுசு என்று எழுதியது நான் செய்த தேடலை. ஆக, 'நிக்கும்' என்பது சரியான இலக்கணம்தான். என் பெயரோடு அதைக் கோத்தது நான் எழுதிய பட்டப்பெயர்ப் பட்டியல். ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன்; மறுக்க ஒன்றுமில்லை.

டிக்கை எடுத்தது நான். யார் தேடுகிறான், எதற்குத் தேடுகிறான் என்று தெரிந்தேதான் எடுத்தேன். பதில் அவன் கைக்குப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் சார். ஒரு மெஷினுக்கு என் பேரை வைத்திருக்க வேண்டாம். அக்கா கொஞ்சம் யோசித்திருக்கலாம்.