காய்ந்திருந்த கார்ப்பெட் பற்றிப் பிச்சைமுத்து சொன்னது

பெயர் பிச்சைமுத்து, வயது 54, தகப்பனார் சடையன் (காலமாகிவிட்டார்), மேட்டுத் தெரு, சங்கராபுரம் வட்டம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

நான் மேற்கண்ட விலாசத்தில் மனைவி ஆயம்மாளுடன் குடியிருந்து வருகிறேன். கள்ளக்குறிச்சியில் அரங்கநாதன் என்பவருக்குச் சொந்தமான ஏ.சி. கூட்ட அரங்கில் ஒன்பது வருடமாகக் காவலாளியாக இருக்கிறேன். நேற்று அங்கே மைக் செட் போட வந்த சுபாஷுக்குக் கரண்ட் அடித்தது சம்பந்தமாக, கார்ப்பெட் சுத்தம் செய்த பூமாலை என்ற பெண்மணி மீது முதலாளி புகார் கொடுத்திருப்பதை அறிந்து, யாரும் கூப்பிடாமல் நானாகவே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

கடந்த 18.09.2025 வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பூமாலை மெஷினுடன் வந்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக்காரர், சென்னையில் எட்டு வருடம் இதே வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாக மெஷின் வாங்கியவர். முதலில் தரையில் பதித்த பிளக் பெட்டிகளின் மூடியை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து மேலே டேப் ஒட்டினார். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்குமேல் வெறும் தூசியை மட்டும் உறிஞ்சி எடுத்தார். அதன் பிறகு பூச்சி மருந்து அடிப்பதுபோல ஏதோ மருந்தைப் புகையாகத் தெளித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் எங்கே, இது என்ன கழுவல் என்று கேட்டேன். அதற்கு அவர், “தண்ணி கம்மியா இருந்தாத்தாண்ணா அழுக்கு மேல வரும். ஜாஸ்தி ஊத்துனா அது அடியில போய்க் குந்திக்கும்” என்றார்.

அதன் பிறகு வட்டமான துணிப் பேடின் மேல் மெஷினை வைத்து ஓட்டினார். அது விர்ரென்று சுற்றும் மெஷின் இல்லை, சல்லடை சலிப்பதுபோல ஓயாமல் ஆடியே தேய்க்கிறது. அவ்வளவு கனமான மெஷினை ஒரு கையால் நடத்திக்கொண்டு, மறு கையால் ஒயரை விலக்கிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். பேட் ஒரு பக்கம் கறுத்ததும் திருப்பினார், மறுபக்கமும் கறுத்ததும் வேறு போட்டார். மேடை ஓரத்தில் நான் இரண்டு வருடம் பிரஷ் போட்டுத் தேய்த்தும் போகாத காபிக் கறை கண்ணெதிரே போனது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருந்தது, ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றேன். முடித்ததும் பெட்டிகளைச் சுற்றிக் கையாலேயே துடைத்து டேப்பை எடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்து என் வெள்ளை வேட்டி முனையை வைத்து அழுத்தச் சொன்னார். ஈரமும் இல்லை, அழுக்கும் இல்லை. தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை புரட்டாசி முதல் சனி என்பதால் விடியற்காலையிலேயே ஆயம்மாள் வீடு முழுக்கக் கழுவிவிட்டாள். தண்ணீர் ஓடாமல் ஒரு இடம் சுத்தமாகாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். வேலைக்கு வந்த எனக்கு அந்தக் கார்ப்பெட் கழுவாததாகவே பட்டது. இரண்டு வாளித் தண்ணீரில் ஃபினாயில் கலந்து ஊற்றித் துடைப்பத்தால் தள்ளியது நான்தான். பிளக் பெட்டிகளின் நினைவே எனக்கு வரவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாகிவிட்டது.

சனிக்கிழமை காலை உர வியாபாரிகள் கூட்டத்துக்காகச் சுபாஷ் தண்ணீர் இறங்கியிருந்த பிளக் பெட்டி ஒன்றில் ஒயரைச் சொருகியபோது தூக்கி அடிக்கப்பட்டார். வலது கை வெந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. முதலாளி உடனே, தண்ணீர் விட்டுக் கழுவியவளைக் கூட்டி வாருங்கள் என்று கத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. பூமாலை வந்து கார்ப்பெட்டைக் கையால் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து எனக்கு மட்டும் கேட்கும்படி, “ஃபினாயில் நான் போடறதே இல்லண்ணா. நான் இன்னா பண்ணட்டும்?” என்றார். போலீஸாரிடமும் முதலாளியிடமும் என் பெயரைச் சொல்லவில்லை.

கேஸ் என்று பேர் வந்துவிட்டால் பூமாலைக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் உளுந்தூர்பேட்டை ஓட்டல்காரர்கள்கூட இனி அவரைக் கூப்பிட மாட்டார்கள். இன்று காலை ஆஸ்பத்திரியில் சுபாஷிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நேராக இங்கே வந்தேன். தொழில் தெரிந்த பூமாலை செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. இதனால் என் வேலை போகும் என்று தெரிந்தே சொல்கிறேன்.

எழுதியதை ஏட்டய்யா எனக்குப் படித்துக் காட்டினார். அதில் ஓரிடத்தில் ‘கூட்டித் துடைக்க வந்த பெண்’ என்று இருந்தது. அதை அடித்துவிட்டு ‘தொழில் தெரிந்த பூமாலை’ என்று எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். அடித்து எழுதினார்கள். மற்றவை யாவும் நான் சொன்னபடியே உள்ளன, யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை, அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) ச. பிச்சைமுத்து
21.09.2025