முட்டுக் கொடுத்தவன்

படகு வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதன் முன்பக்கத்தைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். அதில் தப்பில்லை. முகம் பார்த்துத்தானே எதையும் வாங்குகிறோம். ஆனால் படகை வண்டியில் ஏற்றி ரோட்டில் இழுத்துப் போகும்போது கவலைப்பட வேண்டியது பின்பக்கத்தைப் பற்றி. எஞ்சின் உள்ளே இருக்கும். அதன் சக்தியைத் தண்ணீருக்குக் கொண்டுபோகிற கனத்த உலோகப் பகுதி, நுனியில் விசிறியோடு, பின்சுவருக்கு வெளியே தொங்கும். எங்கள் பட்டறையில் அதைக் கால் என்போம். ஒரு வளர்ந்த ஆளின் எடை இருக்கும்.

முட்டு என்றால் என்ன என்று கேட்டீர்கள் ஐயா. இதிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

ரோட்டில் போகும்போது கால் கீழே இருந்தால் தரையில் இடிக்கும். அதனால் மேலே தூக்கிவிடுவோம். எண்ணெய் அழுத்தத்தில் நீளுகிற இரண்டு தண்டுகள் அதைத் தூக்கும். தூக்குவதற்கு அவை போதும், நெடுநேரம் தாங்குவதற்குப் போதாது. ஒவ்வொரு குழியிலும் அந்த எடை முழுக்க எண்ணெய்க் குழாயில்தான் போய் இறங்கும். எங்காவது ஒரு மூட்டு கசிந்தால் கால் இறங்கிவிடும். ஆகவே நீண்டிருக்கும் தண்டுகள் இரண்டின் மேலும் தலா ஒரு சிவப்பு உலோக உறையை மாட்டுவோம். தண்டு உள்ளே போகாது, கால் இறங்காது. அதுதான் முட்டு. மாதக்கணக்கில் படகை நிறுத்தி வைப்பதென்றால் கதையே வேறு. அப்போது முட்டை எடுத்துவிட்டுக் காலை முழுதாக இறக்கிவிட வேண்டும். தூக்கியே வைத்திருந்தால் ரப்பர் மடிப்புகள் வெடித்துவிடும். எதையும் ரொம்ப நாள் இழுத்துப் பிடித்து வைக்கக் கூடாது என்று வாடிக்கையாளர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது என் தம்பிக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது. நான்தான் கட்டிவிட்டேன். மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன். காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பெண் பேசினார்கள். தம்பி ஒரு நிலைக்கு வரட்டும் என்றேன். தம்பி ஒரு நிலைக்கு வந்தான், அந்தப் பெண் வேறு வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்கு வருத்தமில்லை. பட்டறையில் என் பின்னாலேயே திரிவான் என்று எல்லாரும் அவனை 'வால்' என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

வாலுக்குப் பெரிய கப்பல் ஒன்றில் எஞ்சின் அறை வேலை கிடைத்தது. சட்டைகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தபடியே சொன்னான்.

"இனிமேலாவது நீ நிம்மதியா இருண்ணே. எனக்காக ஓடினதெல்லாம் போதும்."

போதும் என்று நான் சொல்லவில்லை. அவன்தான் சொன்னான்.

அந்த வாரத்திலேயே ஒரு காலை. படகு வண்டியின் மேல் இருந்தது. கால் தூக்கியிருந்தது. வால் இரண்டு முட்டுகளையும் மாட்டினான், நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒழுங்காகத்தான் மாட்டினான், நான் பழக்கிய பிள்ளை. விசிறியில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டத் தகடு எடுக்க உள்ளே போனான். நான் முட்டுகளைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தேன். அவன் வந்து, கால்களை நீட்டி அடியில் உட்கார்ந்து சுரண்டத் தொடங்கினான். வாய்க்குள் ஏதோ பாட்டு. நான் ஸ்பேனரை எடுத்துக் குழாயின் நட்டைத் தளர்த்தினேன். விரலோ பாதமோ, சின்னதாக ஏதாவது என்பதுதான் என் எண்ணம். கப்பல்காரர்கள் மருத்துவச் சோதனையில் கறாரானவர்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எண்ணெய் சீறியது. படகின் கால் அவன் முழங்காலின் மேல் இறங்கியது.

ஆம்புலன்ஸில் அவன் கையை நான் விடவே இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

தொடைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"நான் முட்டு மாட்டினேனேண்ணே?"

"பெஞ்சு மேல கிடந்துச்சுடா."

பெஞ்சின் மேல்தான் கிடந்தன. நான் பொய் சொல்லவில்லை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மாட்டியது போல் ஞாபகம் இருக்கிறது என்றான். அவசரத்தில் அப்படித்தான் தோன்றும் என்றேன். சாயங்காலத்துக்குள் அவனுக்கே மாட்டிய ஞாபகம் இல்லாமல் போனது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"உன்னையும் சேத்துக் கட்டிப்போட்டுட்டேனேண்ணே. என்னை மன்னிச்சிடு."

நான் மன்னித்தேன். தலையைத் தடவி, மனதார மன்னித்தேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அந்தக் காலம் நல்ல காலம். குளிப்பாட்டினேன், தலை துவட்டினேன், கட்டு மாற்றினேன். விடியும் நேரத்தில் அவனுக்கு அரிப்பு வரும். இல்லாத காலில்.

"கட்டைவிரல் அரிக்குதுண்ணே."

போர்வைக்குக் கீழே காலியாகக் கிடக்கிற இடத்தில், பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தைக் கணித்து, படுக்கை விரிப்பைச் சொறிந்துவிடுவேன். அவன் கண்ணை மூடிக்கொள்வான். "இப்பச் சரியாச்சு" என்பான். ஒருநாள் அப்படிச் சொறியும்போது என் விரலுக்கு அடியில் விரிப்பு வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. மறுநாளும் அந்தச் சூடு இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் ஒரு சீறல் வரும். எல்லா வீட்டுக் குழாயிலும் வருவதுதான். நான் மட்டும் வாளியில் ஏற்கெனவே பிடித்து வைத்த தண்ணீரை எடுத்துக்கொள்வேன்.

செயற்கைக்கால் பொருத்துகிற இடத்தில் ஒரு பெண் வேலை பார்த்தாள். அளவெடுக்க வீட்டுக்கு வந்தாள். மெல்லிய உடம்பு, ஆனால் பிடி இரும்பு மாதிரி. அவன் இரண்டு தொடைக்கும் நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற காலை அசைக்கச் சொல்லி, கண்ணாடிக்குள் இரண்டு காலும் அசைவதாகப் பார்க்க வைத்தாள். சில நாளில் அவன் அரிப்பு நின்றுவிட்டது. அவன் சந்தோஷமாகச் சொன்னான். அதற்குப் பிறகு விடியற்காலையில் நான் சும்மா படுத்திருந்தேன். அரிப்பு என் வலது பாதத்துக்கு வந்திருந்தது. எவ்வளவு சொறிந்தாலும் அடங்கவில்லை. சொறிகிற இடத்தில் என் கால் இருப்பதாகவே தெரியவில்லை.

அவன் நடந்தான். பட்டறைக்கு வந்தான். அவளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னான். தூரத்து ஏரிக்கரையில் படகுத் துறை ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை, இரண்டு பேருக்கும் வீடு. பழைய படகு ஒன்றைச் சரிசெய்து, வண்டியில் இழுத்துக்கொண்டே போய்விடுவதாகத் திட்டம்.

"நீங்களும் வந்துடுங்கண்ணா," என்றாள் அவள். "உங்களுக்கும் ஒரு ரூம் இருக்கு."

எனக்கு ஒரு ரூம். கேட்டீர்களா ஐயா. விருந்தாளிக்கு ஒதுக்குவது மாதிரி.

வழியில் படகைப் பார்த்துக்கொள்ள அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று என்னிடம் கற்றுக்கொள்ள வந்தாள். உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்கும் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். கெட்டிக்காரி. எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டாள். முட்டு மாட்டாத கால் பக்கமே போகக் கூடாது என்று நான் சொன்னதும், "அவருக்கு நடந்தது போதும்ண்ணா" என்றாள்.

ஆகவே கழற்றி வைப்பது இந்தத் தடவை சரிப்படாது. இரண்டு உறைகளையும் உட்பக்கமாக, பாதிக்கு மேல், ரம்பத்தால் அறுத்தேன். வெட்டில் மக்குப் பசை வைத்துத் தேய்த்து, மேலே அதே சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். வேலை சுத்தமாக இருந்தது. நான் செய்கிற எந்த வேலையும் சுத்தமாகத்தான் இருக்கும்.

புறப்பட இருந்த நாள் காலையில் அவள் முட்டுகளை மாட்டினாள், வெளிப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், திருப்தியாகத் தலையசைத்தாள். விசிறியின் நட்டை ஒருதரம் பார்த்துவிடும்மா என்றேன். அடியில் புகுந்து படுத்தாள். நான் மறுபக்கம் போய்க் குழாயைத் தளர்த்தினேன்.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்றுதான். விபத்துக்குப் பிறகு வாலுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. யார் மாட்டிய முட்டாக இருந்தாலும் போகிற போக்கில் விரலால் தடவிப் பார்ப்பான். தான் மறதிக்காரன் என்று நம்பியதால் வந்த பழக்கம். அன்றைக்கும் உட்பக்கம் வரை தடவினான். பெயிண்ட் இன்னும் காயவில்லை. சிவந்த விரலையே பார்த்தான். பிறகு தலையைச் சாய்த்து உறையின் உட்பக்கத்தைப் பார்த்தான்.

"வெளிய வா," என்று அவளிடம் கத்தினான்.

எண்ணெய் சீறியது. உறைகள் மடங்கின. அவனால் சட்டென்று குனிய முடியாது ஐயா, செயற்கைக்கால். அதனால் அந்தக் காலையே நீட்டி அடியில் கொடுத்தான். எடை முழுதும் அதன் மேல் இறங்கியது. அது நொறுங்குவதற்குள் அவள் புரண்டு வெளியே வந்துவிட்டாள். தோளில் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். அவன் தரையில் விழுந்து கிடந்தான். ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ரொம்ப மெதுவாகத்தான் கேட்டான்.

"அன்னைக்கும் நீதானா?"

நான் ஸ்பேனரைத் துடைத்து அதன் இடத்தில் மாட்டினேன். பிறகு அவனைத் தூக்கிவிடக் கை நீட்டினேன்.

"எழுந்திருடா. சாப்பிட ஏதாவது எடுத்து வைக்கிறேன்."

அவன் என் கையைப் பிடிக்கவில்லை. அவள் தோளைப் பிடித்தும் எழவில்லை. வண்டிச் சக்கரத்தைப் பற்றித் தானாக எழுந்தான்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று போட்டுக்கொள்ளுங்கள் ஐயா. முட்டைக் கழற்றியது நான். அறுத்தது நான். குழாயைத் தளர்த்தியது இரண்டு தடவையும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஏன் என்ற இடத்தில் கெட்ட எண்ணம் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் இல்லாவிட்டால் அவனால் ஒரு நாள் ஓட்ட முடியாது. அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

காலையில் என் தம்பி இங்கே வந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னீர்கள். இந்த மாடிக்கு யார் தூக்கிக்கொண்டு வந்தது என்று கேட்டேன். யாருமில்லை, கட்டைகளை ஊன்றித் தனியாகத்தான் ஏறி வந்தார், தனியாகத்தான் இறங்கிப் போனார் என்றீர்கள்.

இன்னொரு தரம் நன்றாக விசாரித்துப் பாருங்கள் ஐயா. தனியாக ஏறி வந்தவன் என்றால், அது என் தம்பியாக இருக்காது.