முட்டையிட்ட சேவலை நம்பாத சொட்டம்மாவுக்கு

உதிர்ந்த இறகின் அடிக்குருத்தில் ஒளிந்திருந்த உறவுகளை உலகறிய உரைத்தவரே! புல்லோடு புல்லாய்ப் பதுங்கி வாழும் பறவைக்காகப் பொழுதெல்லாம் பொறுமையோடு உழைத்தவரே! ஒரு துளி கூடாமலும் ஒரு துளி குறையாமலும் தொண்ணூற்றாறு குழிகளையும் துல்லியத்தால் நிரப்பிய தூய கரத்தவரே! எங்கள் மரபணுக் கூடத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, இன்று மாலையோடு ஓய்வு பெறும் எங்கள் சொட்டம்மா அவர்களே! வணங்கி மகிழ்கிறோம்.

சொட்டம்மா என்பது பணிப்பதிவேட்டில் உள்ள பெயர் அன்று. ஆய்வுத் தட்டின் ஒவ்வொரு குழியிலும் பிப்பெட் என்னும் சொட்டுக்குழலை அழுத்தியபின் "சொட்டு விழுந்துச்சா?" என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்வீர்களே, அந்தக் கேள்வி தந்த பெயர். நாளுக்குத் தொண்ணூற்றாறு முறை கேட்டால் பெயர் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்!

தங்கள் நற்குணங்களை அடுக்கத் தொடங்கினால் தாங்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள் என்று அறிவோம். ஆகவே பதினோர் ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரே ஒரு வாரத்தை மட்டும், அவையில் இருப்போர் அறியுமாறு இங்கே பதிவு செய்கிறோம். தாங்கள் அமைதியாக அமர்ந்திருங்கள். நாங்கள் அவர்களிடம் சொல்லிக்கொள்கிறோம்.

அவையோரே! ஆய்வறிக்கைகளில் நீளமான பெயர் கொண்ட ஒரு பறவையை நாங்கள் நடையன் என்று அழைக்கிறோம். ஆபத்து வந்தால் பறக்காது. ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் விறுவிறுவென்று நடந்து புல்லுக்குள் போய்விடும். தரையில் கூடு கட்டும். நடையன் மிஞ்சியிருந்த இடங்கள் இரண்டே இரண்டு. கிழக்கே ஒரு பெரிய புல்வெளி, மேற்கே ஒரு சிறிய புல்வெளி, நடுவில் நெடுஞ்சாலையும் கிடங்குகளும். இரண்டில் ஓரிடத்துப் பறவைகள் தமக்குள்ளேயே உறவு வைத்து, முட்டை பொரியாமல் அழிந்துகொண்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. எந்த இடம் என்று அறியத்தான் இறகுகள் எங்களிடம் வந்தன. இறகின் அடியிலிருந்து மரபணுவைப் பிரித்து, அதில் பன்னிரண்டு அடையாளங்களைப் படித்தால், எந்தப் பறவை எதற்கு உறவு என்று தெரிந்துவிடும். பதின்மூன்றாவதாக ஒன்றைப் படித்தால் ஆணா பெண்ணா என்பதும் தெரியும். பெண்ணுக்கு, அதாவது கோழிக்கு, இரண்டு கோடு; ஆணுக்கு, அதாவது சேவலுக்கு, ஒரே கோடு.

இறகுகளைக் கொண்டுவந்தவர் களப்பணியாளர் தொப்பிக்காரர். மழையிலும் வெயிலிலும் கூரைக்குக் கீழேயும் தொப்பியைக் கழற்றாதவர். தொண்ணூற்றாறு குழித் தட்டில், குழிக்கு ஒன்றாக ஏறியவை நாற்பத்தெட்டு மேற்கத்திய இறகுகள், நாற்பத்தெட்டு கிழக்கத்திய இறகுகள். ஒன்றைத் தவிர எல்லாம் தரையில் பொறுக்கியவை. அந்த ஒன்று மட்டும், மேற்கில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியைக் கையில் பிடித்து எடுத்தது. அதற்கு முதல் எண் கொடுத்தார். சொட்டம்மாவும் அதன் மரபணுவை முதற்குழியில் ஊற்றினார்.

வியாழனன்று முடிவு வந்தது. கிழக்குப் பறவைகள்தாம் நெருங்கிய உறவுகள்; மேற்குப் பறவைகள் நல்ல கலப்பு என்றது குழிகளைப் படிக்கும் கருவி. அப்படியானால் மேற்கிலிருந்து பன்னிரண்டு முட்டைகளை எடுத்துக் கிழக்குக் கூடுகளில் வைக்க வேண்டும். இயக்குநர் அன்று மாலையே மேலிடத்துக்கு எழுதிவிட்டார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி. அந்த ஆண்டு மேற்கில் இருந்த முட்டைகள் மொத்தமே பதினான்கு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

முடிவுத்தாளில் ஓர் உறுத்தல் இருந்தது. முதற்குழியில் ஒரே கோடு. அடைகாத்த கோழி, கருவியின் கணக்கில் சேவல்!

வெள்ளிக்கிழமை முழுக்கக் கூடத்தில் அதுதான் வேடிக்கை. தொப்பிக்காரர் வாசலில் கால் வைத்ததுமே ஓட்டுநர் பிடித்துக்கொண்டார்.

"வாங்கண்ணே, முட்டை போட்ட சேவலைப் புடிச்ச ஆளே! அடுத்த தடவை பால் குடுக்குற காளையைப் புடிச்சிட்டு வாங்க!"

"சிரிப்பா. நல்லா சிரி. அதைத் தூக்கும்போது கீழ மூணு முட்டை, சுடச்சுட இருந்துச்சு. இந்த இனத்துல சேவல் கூட்டுப் பக்கமே எட்டிப் பாக்காது, தெரியுமா?"

"எங்க வீட்டுல நானும் சமையல்கட்டை எட்டிப் பாக்க மாட்டேன். அதுக்காக என்னை நடையன்னு சொல்லுவீங்களா?"

இயக்குநருக்குச் சிரிப்பு வரவில்லை. அறைக்கு அழைத்தார். கதவு திறந்திருந்ததால் கூடத்தில் இருந்தவர்களும் கேட்டார்கள்.

"இறகை எங்கேயோ பொறுக்கிட்டு, கோழியைப் புடிச்சேன்னு எழுதிட்டீங்களா?"

"இல்ல சார். சத்தியமா புடிச்சேன். கையில கொத்தின தழும்பு இருக்கு, பாருங்க."

"தழும்பை அறிக்கையில சேக்க முடியாது. ஒண்ணு தப்புன்னா மத்தது எல்லாம் சரின்னு நான் எப்படி நம்புறது? உங்க ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியில முடியுது. பிறகு பார்க்கலாம்."

"பிறகு பார்க்கலாம்" என்றால் என்ன பொருள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். (இயக்குநர் அவர்கள் இப்போது முதல் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். இதை வாசிக்க அனுமதி கேட்டபோது, "நான் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காம போடுங்க" என்றார்கள். அப்படியே போட்டிருக்கிறோம்.)

தொப்பிக்காரர் வெளியே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய தலையை நாங்கள் பார்த்தது அன்றுதான். சொட்டம்மா பிப்பெட் முனைகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"கோழிதானேப்பா?"

"கோழிதான்கா."

"சரி. போய் சாப்பிடு."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த ஒற்றைக் கோடு சொட்டம்மாவோடு வீட்டுக்கும் போய்விட்டது. இறகைக் கழுவியது சரி, கரைசல் சரி, சூடு சரி. தம் கையில் தவறு இருக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. இருபத்து மூன்று ஆண்டு பழகிய கை அல்லவா!

ஞாயிறு மதியம். சொட்டம்மாவின் கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர், இரத்த அழுத்தக்காரர். ஒரே தாம்பாளத்தில் இரண்டு கிண்ணம் வரும். இடப்பக்கக் கிண்ணத்தில் உப்பில்லை, அது அவருக்கு. அன்று உதவி செய்கிறேன் என்று தாம்பாளத்தை அவரே தூக்கி வந்து வைத்தார். ஒரு வாய் உண்டதும் முகம் மலர்ந்தது.

"இன்னைக்கு உன் கைப்பக்குவமே தனி!"

சொட்டம்மா தம் கிண்ணத்தில் ஒரு வாய் எடுத்தார். சப்பென்று இருந்தது.

"தாம்பாளத்தைத் திருப்பி வச்சிட்டீங்க. அது என்னோடது."

"வட்டத் தாம்பாளம். எந்தப் பக்கம் முன்னாடின்னு எனக்கு எப்படித் தெரியும்? பழைய தாம்பாளத்துல ஒரு ஓரம் நசுங்கியிருக்கும். அதை வச்சுத்தான் கண்டுபிடிப்பேன்."

சொட்டம்மா கையைக் கழுவிவிட்டார்.

"என்ன, கோபமா?"

"இல்லை. நீங்க அந்த உப்பைத் தின்னாதீங்க. நான் கூடத்துக்குப் போறேன்."

விஷயம் இதுதான். எங்கள் பழைய குழித்தட்டுகளில் ஒரு மூலை வெட்டப்பட்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் தடவியே சொட்டம்மா தட்டைக் கருவிக்குள் வைப்பார். அந்த மாதம் புதுத் தட்டுகள் வந்திருந்தன. நான்கு மூலையும் ஒன்றுபோல. தட்டில் பொறித்த எழுத்துகளோ கண்ணாடிமேல் கண்ணாடியால் எழுதியதுபோல் இருக்கும். தட்டின் இடப்பாதி மேற்கு, வலப்பாதி கிழக்கு. தட்டைத் திருப்பி வைத்தால் மேற்கு கிழக்காகும், கிழக்கு மேற்காகும், முதற்குழி கடைசிக் குழியாகும். கருவிக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்குப் படித்துவிட்டுப் போகும்.

காவலாளியிடம் சாவி வாங்கி, கணினியைத் திறந்து, கடைசிக் குழியின் பதிவைப் பார்த்தார். இரண்டு கோடு. அதோடு நிற்கவில்லை. கோழியின் குழாயில் எஞ்சியிருந்த மரபணுவை எடுத்து, தனியாக, முதலிலிருந்து கருவியில் ஓட்டினார். மூன்று மணி நேரம். பன்னிரண்டு அடையாளங்களும் கடைசிக் குழியின் பதிவோடு எண்ணுக்கு எண் பொருந்தின. அழிந்துகொண்டிருந்தது மேற்கு. விடிந்தால், அதனிடம் மிஞ்சிய பதினான்கில் பன்னிரண்டை எடுக்கப் போகிறது வண்டி.

மாலை ஐந்தரைக்கு இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தார். காவலாளி பக்கத்திலேயே இருந்ததால் இந்தப் பகுதி எங்களுக்கு முழுதாகக் கிடைத்தது. அங்கிருந்து வந்த குரலும் காவலாளிக்குக் கேட்டதாம். அவ்வளவு உரக்க வந்திருக்கிறது.

"சார், வண்டியை நிறுத்துங்க. தட்டைத் திருப்பி வச்சிருக்கு."

"யாரு வச்சது?"

"நான்தான்."

"நீங்களா? ஏம்மா, மேலிடத்துக்கு எழுதியாச்சு! அந்தக் களப்பணியாளர் தப்புன்னும் சேத்து எழுதியிருக்கேன். இப்ப மாத்திச் சொன்னா நம்ம கூடத்தையே யாரும் மதிக்க மாட்டாங்க. உங்க பதவி உயர்வுக் கோப்பு வேற அவங்க மேசையிலதான் இருக்கு. யோசிச்சுத்தான் பேசுறீங்களா?"

"யோசிச்சுட்டேன் சார். எழுதினதை மாத்தி எழுதலாம். எடுத்த முட்டையைத் திருப்பி வச்சா, கூட்டை விட்டுப்போன கோழி வந்து உக்காராது."

அடுத்த கேள்வி மெல்லத்தான் வந்தது என்கிறார் காவலாளி.

"எழுத்துல குடுப்பீங்களா?"

"எழுதி வச்சிட்டுத்தான் கூப்பிடுறேன்."

திங்கட்கிழமை ஆறு மணிக்கு வண்டி கிளம்பவில்லை. அடுத்த வாரம் தட்டு முழுவதையும் மறுபடி ஓட்டி உறுதிசெய்த பின்னர்தான் கிளம்பியது, கிழக்கு நோக்கி. கிழக்கில் கூடுகளுக்குக் குறைவில்லை. அங்கிருந்து வந்த பன்னிரண்டு முட்டைகளில் ஒன்பது, மேற்குக் கோழிகளின் அடியில் பொரிந்தன. இந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் மேற்கே எண்பத்து மூன்று நடையன்கள் நடக்கின்றன.

தொப்பிக்காரரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. சொட்டம்மாவின் பணிப்பதிவேட்டில் கவனக்குறைவு என்று ஒரு வரி ஏறியது. பதவி உயர்வு நான்கு ஆண்டுகள் தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. தொப்பிக்காரர்தான் ஒரு முறை கேட்டார்.

"ஏன்கா, நீங்க வாயைத் தொறக்காம, மறுபடி ஓட்டிப் பாத்தேன், கருவிக் கோளாறுன்னு சொல்லியிருக்கலாமே. யாருக்குத் தெரியப் போவுது?"

"கருவிக் கோளாறுன்னா கருவியைத்தான் சரி பண்ணுவாங்க. அடுத்தவ வந்து மறுபடியும் தட்டைத் திருப்பித்தான் வைப்பா."

அந்த விடையிலிருந்து பிறந்ததுதான் எங்கள் கூடத்தின் வழக்கம். எந்தத் தட்டு ஆனாலும், எந்தப் பறவை ஆனாலும், முதற்குழியில் அந்த மேற்குக் கோழியின் மரபணு ஒரு சொட்டு விழும். கடைசிக் குழி காலியாக இருக்கும். தட்டின் முதல் மூலையில் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் பொட்டு. கருவியில் முதலில் இரண்டு கோடு தெரிந்தால்தான் மற்றதைப் படிப்போம். கோழி எப்போதோ போய்விட்டது. எங்களைப் பொறுத்தவரை அது இன்னும் முதல் ஆளாக வந்து வருகைப்பதிவு செய்துகொண்டிருக்கிறது. பதினோர் ஆண்டுகளில் மூன்று முறை தட்டு திரும்பியது. மூன்று முறையும் கோழி காட்டிக்கொடுத்துவிட்டது. தவறியவர்கள் மூவரும் இந்த அவையில்தான் இருக்கிறோம்; மூவர் பதிவேட்டிலும் ஒரு வரிகூட ஏறவில்லை. "மூணு மணி நேரம்தானே போச்சு, மறுபடி ஓட்டு" என்பதோடு முடிந்தது.

தாயே! இனித் தங்களிடமே பேசுகிறோம்.

பிழையே செய்யாதவர் என்று தங்களைப் புகழ்ந்தால் அது பொய்யாகிவிடும். செய்த பிழையைத் தம் பிழையென்று உரைத்து, பிறர்மேல் விழுந்த பழியை எழுத்திலேயே இறக்கிவைத்து, பின்வருவோர் தடுக்கி விழாதிருக்கப் பொட்டு வைத்துப் போகிறீர்கள். அந்த உண்மையைத்தான் போற்றுகிறோம். உப்பில்லாக் கிண்ணத்துக்கு உரியவரான தங்கள் அன்புக் கணவரோடு, உடல்நலமும் உளநலமும் ஓங்க, கை நடுங்காது, கண் மங்காது, நடையனைப்போல் விறுவிறுவென்று நெடுங்காலம் நடந்து வாழ்க! மேற்குப் புல்வெளிக்கு ஒரு முறையேனும் வாருங்கள். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி வரவேற்பதாக எழுத்தில் கொடுத்திருக்கிறார்.

கடைசியாக ஒரு வேலைக்குறிப்பு. இம்மடலைச் சட்டமிட்டுத் தந்திருக்கிறோம். நான்கு மூலையும் ஒன்றுபோல் இருக்கும். வீட்டில் ஆணியில் மாட்டப்போவது தங்கள் கணவர் என்று கேள்விப்பட்டோம். ஆகவே மேலே, இடது மூலையில், நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் முதற்குழியைக் காத்துவரும்
மரபணுக் கூடத்துப் பணியாளர்கள்

(முதல் கையொப்பம் தொப்பிக்காரருடையது. இரண்டாவது, கேட்டு வாங்கி இட்டது, இயக்குநருடையது.)