வெளித் தாழ்ப்பாள்

விளாங்குடியில் எங்கள் தெருவில் எந்த வீட்டுச் சண்டையும் எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை, சார். ஒட்டுக்கேட்பதில்லை. காது இருக்கிறது, விழுகிறது. மிஷன் பள்ளி ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் கிளார்க்காக இருந்தவள் இந்தப் பிலோமினாள்; பழக்கம் போகுமா?

பின்பக்கத்துத் தகரக்கூரை அறையை 'காளவாசல் சிக்னல்' பாட்டுக்குழுப் பிள்ளைகளுக்கு விட்டிருந்தேன். ஜினோ கிட்டார், சுபலட்சுமி உறுமி, ரோஷன் பாட்டு. தர்காப் பாட்டு மாதிரி ஆரம்பிக்கும், நடுவில் உறுமி விம்மும், கடைசியில் கிட்டார் வந்து எல்லாரையும் அடித்துத் துரத்தும். அவர்கள் அதை ராக் என்றார்கள். நான் மீன்குழம்பில் பாயசம் என்றேன். ஆனாலும் திண்டுக்கல், தேனி, விருதுநகர் என்று கல்லூரிக்குக் கல்லூரி கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பையன்கள் பைக்கில் வந்து நிற்பார்கள்.

"சிக்னல் வீடு எது, அக்கா?"

"இதேன்ப்பா. உள்ள வாங்க, மோர் குடிங்க."

ரோஷனுக்கு வீசிங், ஜினோவுக்குப் பெண் பார்க்கிறார்கள், எல்லாம் நான்தான் அவர்களுக்குச் சொல்வேன். அதற்குமுன் என் வீட்டு வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் தவிர யாரும் நின்றதில்லை.

சத்தம் தாங்கவில்லை என்று முதலில் புகார் சொன்னதும் நான்தான். உடனே ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, ஏசி மாட்டி, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, இரும்புக் கதவுக்கு உள்பக்கம் மெத்தை தைத்துவிட்டார்கள். அப்புறம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் வாயால் நானே கெட்டேன்.

மெத்தைத் தடிமனில் கதவு பொருந்தாது. வெளித் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டால்தான் இறுகும். ரெக்கார்டிங் என்றால் போனையெல்லாம் என் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். ரோஷன் இன்ஹேலரையும் போடுவான். கையில் இருந்தால் அடிக்கத் தோன்றும், அந்தப் புஸ் சத்தம் பாட்டில் விழும் என்பான். நான் தாழ்ப்பாள் போடுவேன். முடிந்ததும் உள்ளே சுவிட்சைத் தட்டுவார்கள், வெளியே சிவப்பு பல்பு எரியும். பல்பு எரியாமல் திறக்கக்கூடாது. அவர்கள் போட்ட சட்டம்.

பிள்ளைகள் சென்னைக்கே குடிபோகிறார்கள் என்பதை எனக்குச் சொன்னது எதிர்வீட்டு கனகா. என் வீட்டுச் செய்தி, அவள் வாயால்.

அன்று மூன்றரைக்கு வேன். கடைசியாக ஒரு பாட்டு பதிந்துவிட்டுப் போகிறோம் என்று காலையில் வந்தார்கள்.

"எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"உங்கட்ட சொன்னா மதுரைக்கே போஸ்டர் ஒட்டுன மாதிரில்ல ஆன்ட்டி" என்று ரோஷன் சிரித்தான். "முடிச்சிட்டு வாரேன், இன்னிக்கு நம்ம வீட்டு பிரியாணி உங்களுக்குத்தேன்."

நல்ல பையன். வம்பு தும்பு கிடையாது.

பத்தரைக்குத் தாழ்ப்பாள் போட்டேன். பதினொன்றுக்கு மெயின் சுவிட்சை இறக்கினேன். வேன் போய்விட்டால் மனசு மாறும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். கரண்ட் இல்லையென்றால் ஏசி ஓடாது, பல்பும் எரியாது. பல்பு எரியவில்லை, நான் திறக்கவில்லை.

அக்கினி நட்சத்திரம் நடக்கிற நேரம். பன்னிரண்டு வரை உறுமி கேட்டது. அப்புறம் கையால் தட்டினார்கள். கூடையில் போன்கள் மாறி மாறி அடித்தன. மூன்றரைக்கு வேன்காரர் வந்து ஹாரன் அடித்தார்.

"பிள்ளைக காலைலயே கெளம்பிருச்சுகளே தம்பி" என்றேன்.

வேன் தெருமுனை திரும்பியதும் போய்த் திறந்தேன். ஜினோவையும் சுபலட்சுமியையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். ரோஷன் கதவை ஒட்டியே கிடந்தான். அவனுக்கு ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை.

உள்ளே பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன் என முதலில் உங்களிடம் சொன்னது பொய், சார். கதவில் காதை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவர்கள் பாட்டு அத்தனையும் எனக்கு மனப்பாடம். "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று வருகிற பாட்டு அதில் ஒன்றும் கிடையாது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் விட்டுவிடுவீர்கள்தானே? இந்த வாரம் தேனியிலிருந்து நிறையப் பேர் வருவார்கள். நான் இல்லையென்றால் அவர்களுக்கு யார் வீட்டைக் காட்டுவது?