‘நல்ல கேன்சர்’ என்று சொன்னவர்களே!

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, வயதால் மூத்தோரே, வலியால் மூத்தோரே, கழுத்தில் தழும்போடு வந்திருக்கும் என் தாய்மார்களே, வணக்கம்.

தைராய்டு புற்றுநோய் விழிப்புணர்வு விழாவில் இந்த மருத்துவமனையைப் பாராட்டிப் பேசச் சொல்லி என்னை அழைத்தீர்கள். சுமைதூக்குவோர் சங்கத்தின் செயலாளன் நான். மேடை எனக்குப் புதிதல்ல. பாராட்டுத்தான் இன்று வாயில் வர மறுக்கிறது.

என் மனைவியை மீன் மார்க்கெட்டில் ‘வெண்கலம்’ என்பார்கள். ஏலம் கூறுவது அவள் தொழில். ஐஸ் உடைக்கும் சத்தம், வண்டிச் சத்தம், வியாபாரிகளின் கூச்சல், அத்தனைக்கும் மேலே ஏறி நிற்கும் அவள் குரல்!

அவள் கழுத்தில் ஒரு கட்டி. சோதித்தார்கள்; புற்று என்றார்கள். நடுங்கிப்போனாள். டாக்டர் சிரித்தார். “பயப்படாதீங்கம்மா. கேன்சர்லயே நல்ல கேன்சர் இதுதான்.”

நல்ல கேன்சராம்! நல்ல பாம்பு என்றுகூடத்தான் சொல்கிறோம், கடிக்காதா?

வெட்டி எடுத்தார்கள். பார்க்க வந்த சொந்தமெல்லாம் வாழ்த்திவிட்டுப் போனது. என் தங்கை, “அதிர்ஷ்டக்காரி அண்ணி நீங்க” என்றாள். அதற்கு மேல் வலிக்கிறது என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்?

பிறகு குரல் கரகரத்தது. சோறு இறங்கவில்லை. அதே டாக்டரிடம் போனாள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், கழுத்தைத் தொடவில்லை. ஏலம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டியிருக்கும், வெந்நீர் குடியுங்கள் என்றார். மறுபடியும் போனாள், மறுபடியும் வெந்நீர்! அதன்பின் நான் கெஞ்சியும் அசையவில்லை. “அங்க நிஜமான நோயாளிங்க உட்கார்ந்திருக்காங்க. அவங்க நேரத்தை நான் ஏன் எடுக்கணும்?” என்றாள்.

ஒருநாள் ஏலத்தின் நடுவே இருமினாள். கையில் ரத்தம். புற்று மூச்சுக்குழலுக்குள் நுழைந்திருந்தது. குரல் நரம்பைச் சுற்றியிருந்தது. உயிரைக் காப்பாற்ற நரம்பை வெட்டினார்கள்.

பின்வரிசையில் என்ன கேட்டீர்கள் தம்பி? அந்த டாக்டரின் பெயரா? வேண்டாம். பெயரைச் சொன்னால் பழி ஒருவரோடு முடிந்துபோகும். நாமெல்லாம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவோம்.

இங்கே ஆய்வுக்கூடத்தில் ஓர் அம்மா இருக்கிறார். பாதுகாத்து வைத்திருந்த முதல் கட்டியின் துணுக்கைப் பிற்பாடு எடுத்துச் சோதித்தவர். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று ஒன்று உண்டாம். மரபணு ‘செய்’ என்றால் ‘போதும்’ என்று அடக்கும் சின்னஞ்சிறு இழைகள். அவற்றில் சில அளவு மீறினால், காவல் காக்கும் மரபணுக்களையே அடக்கிவிடுமாம். அப்புறம்? செல் கட்டு மீறும், உறை கிழிக்கும், ஊடுருவிப் பரவும்!

அந்த அம்மா என்னிடம் மறைக்கவில்லை. “முதல் கட்டியிலேயே இது அதிகமாத்தான் இருந்திருக்குங்க. ஆனா இதை மட்டும் வச்சு, பரவும்னு அப்பவே உறுதியா சொல்லியிருக்க முடியாது.”

அவரை வணங்குகிறேன். இழை பேசியது, அதன் மொழி இன்னும் முழுதாகப் புரியவில்லை. மன்னிக்கிறேன். ஆனால் என் மனைவி பேசினாளே! அவள் பேசியது எந்த மொழி? கேட்கக் கருவி வேண்டுமா? காது போதாதா? கரகரத்த குரலில் ஒருத்தி வந்து நிற்கும்போது, காகிதத்தைப் பார்ப்பதா கழுத்தைப் பார்ப்பதா?

இவ்வளவு கசப்பையும் பொறுத்துக்கொண்ட அவைக்கு நன்றி. அடுத்துப் பேசப்போவது அவள்தான். இப்போது அவளுக்கு மூச்சுதான் குரல். தயவுசெய்து மின்விசிறிகளை நிறுத்துங்கள். கதவைச் சாத்துங்கள். கைதட்ட வேண்டாம், கேளுங்கள்.

வணக்கம்.