தங்கச்சிக்கு ஏது சம்பளம்

எனக்குக் கணக்கு வராது. மலேசியாவில், குளுவாங்கில் மசாலா மில் வைத்திருப்பவன் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். மிளகாயின் காரத்தை மூக்காலேயே சொல்லிவிடுவேன். ரசீதைக் கண்டால் தூக்கம் வந்துவிடும். மதியங்களில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாவலை விரித்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருப்பேன். வாடிக்கையாளர்கள் என்னை ஞானி என்று நினைத்தார்கள். அதை மறுக்கும் அளவுக்கு நான் நேர்மையானவன் இல்லை.

மில்லில் பாதி முதலீடு என் மனைவியின் தம்பி ரூபேந்திரனுடையது. அவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். கணக்கை ஒழுங்காக வைக்கச் சொல்லி அவன் நச்சரித்ததால்தான் சுகந்தினியைப் பகுதி நேரத்துக்கு அமர்த்தினேன். வாரம் முழுக்க ஒரு லாரிக் கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, சனிக்கிழமை மதியம் இங்கே வருவாள். கணவர் இல்லை. ஷர்மினி என்று ஒரு மகள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

முதல் மாதச் சம்பளத்தை வைக்க உறை தேடினேன். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கும் கல்யாணம் ஆகாதவர்களுக்கும் அங்பாவ் என்று அன்பளிப்புப் பணம் கொடுக்க, மில்லின் பெயர் போட்டு அச்சடித்த ஊதா உறைகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. கொஞ்சமாக அடித்துத் தர அச்சகத்துக்காரர் மறுத்துவிட்டார். வீணாக்க எனக்கு மனமில்லை. ஒன்றில் பணத்தை வைத்து நீட்டினேன்.

“அலமாக், என்னண்ணே இது? எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலன்னு நெனச்சிட்டீங்களா?” என்று சிரித்தாள்.

அதன்பிறகு மாதாமாதம் ஊதா உறைதான். மகளின் படிப்புக் கடனுக்கு வேண்டும் என்று ஒருமுறை பேஸ்லிப், சம்பளச் சீட்டு கேட்டாள்.

“தங்கச்சிக்கு யாராச்சும் பேஸ்லிப் குடுப்பாங்களா லா? நீ என்ன வேலைக்காரியா?” என்றேன்.

அவள் கண் கலங்கியது. என் கண்ணும்தான். வேலைக்காரி என்றால் சேமநிதி கட்டவேண்டும். தங்கச்சி என்றால் அந்தத் தொல்லை இல்லை. பாசமும் சிக்கனமும் இப்படி ஒன்றாக வாய்ப்பது அபூர்வம்.

அவளிடம் ஒரே குறைதான். அவளுக்குக் கணக்கு வந்தது.

“அண்ணே, மூவார் வியாபாரிக்கு மிளகா முன்பணம், மிளகா முன்பணம்னு என்னை எழுதச் சொல்றீங்க. ஒரு மூட்டைகூட வந்து இறங்கலையே?”

நான் நாவலை விரித்தேன். பக்கத்தைத் திருப்பினேன். அவள் காத்திருந்தாள்.

“புரியுதுண்ணே. ரூபேந்திரன் அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் வாய் தொறக்க மாட்டேன். ஆனா இனிமே இதை எழுத மாட்டேன்.”

மூவாரில் அப்படி ஒரு வியாபாரி இல்லை. பணம் என் கைப்பேசிக்குள் போயிற்று. நாவலுக்குள் மறைத்து வைத்து, பணம் கட்டி விளையாடுவேன். மூன்று செர்ரிப் பழங்கள் ஒரே வரிசையில் நின்றால் போட்டதெல்லாம் திரும்பிவிடும். அவற்றுக்கு என்னவோ சேர்ந்து நிற்கப் பிடிக்கவில்லை. என் ஞானத்தில் பெரும்பகுதி அதுதான்.

அவள் சொன்னபடியே ரூபேந்திரனை அழைத்தேன். “மச்சான், மில்லுல காசு குறையுதுடா.”

“கணக்கு யாரு கையில மாமா இருக்கு?”

நான் மௌனமாக இருந்தேன். அவ்வளவுதான் செய்தேன். “அந்த சுகந்தினியா?” என்று கேட்டது அவன்தான். போலீசுக்குப் போனதும் அவன்தான். நான் அவளைத் திருடி என்று யாரிடமும் சொன்னதில்லை.

போலீஸ் தேடியபோது அவள் வீட்டு பிஸ்கட் டின்னில் ஊதா உறைகள் இருந்தன. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பிரிக்காமல் சேர்த்து வைத்தவை. ஒவ்வொன்றிலும் என் மில்லின் பெயர். முன்பணக் கணக்கை எழுதியிருந்ததும் அவள் கை.

நீதிமன்றத்தில் அவள் என் ஊழியரா என்று கேட்டார்கள். இல்லை, தங்கை மாதிரி என்றேன். தீபாவளிக்கு ஒருவருக்கு எத்தனை அங்பாவ் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். ஒன்று என்றேன். டின்னில் இருந்த மற்ற உறைகளெல்லாம் திருட்டுப் பணம் ஆகிவிட்டன. ஊர் வழக்கத்தைத்தான் சொன்னேன். சத்தியம் செய்துவிட்டு வழக்கத்துக்கு மாறாக எப்படிப் பேசுவது? கூண்டிலிருந்து அவள் என்னைப் பார்த்து, “அண்ணே” என்றாள். அதுவும் நான் சொன்னதையே உறுதிப்படுத்துவதாக ஆயிற்று.

சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட பிறகு ஷர்மினி மில்லுக்கு வந்தாள். உட்காரவில்லை.

“மாமா, சம்பளம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். அப்பீல்ல அம்மா வெளிய வந்துருவாங்க.”

என் மௌனங்களிலேயே நீளமானது அன்றையதுதான். மிளகாய் அரைத்து முடித்து இயந்திரம் தானாக நின்றது. அப்போதும் அவள் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை கல்லூரியை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கைச்செலவுக்கு இருக்கட்டும் என்று ஓர் உறையை நீட்டினேன்.

“இதை வச்சு என்னையும் உள்ள தள்ளவா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளுடைய அம்மா ஒருநாளும் இப்படி மரியாதை இல்லாமல் பேசியதில்லை.

ஆமாம், அது சம்பளம்தான். மிளகாய்ப் பணத்தை எடுத்தது நான்தான். அவள் சிறையில் இருப்பது என்னால்தான். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. கேட்க வேண்டிய இடத்தில் யாரும் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சனிக்கிழமைகளில் யோகேஸ்வரி என்ற பெண் வருகிறாள். கெட்டிக்காரி. போன வாரம் பேஸ்லிப் கேட்டாள். தங்கச்சி என்று கூப்பிட்டேன், முகம் மலர்ந்துவிட்டது. பாசத்துக்கு ஏங்குகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்று நினைத்து எனக்கு நெஞ்சு கனத்தது. ஊதா உறை இன்னும் ஒரு பெட்டி மீதி இருக்கிறது.